கடற்கரையிலிருந்து தேயிலை மலைக்கு

பள்ளி விடுமுறை வந்தால் குளிர்ச்சியைத் தேடிக் கேமரன் மலைக்குச் செல்லும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். சிலர் மகிழுந்தில் செல்வர். சிலர் சுற்றுலாப் பேருந்தில் செல்வர். உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேரவன் வண்டியில் செல்வோரும் உண்டு. கேரவன் என்பது சக்கரங்கள் பூட்டிய ஒரு சிறு வீடு. அதில் அடுப்பும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் இருப்பதால், பயணிகள் விரும்பிய ஊரில் நின்று இளைப்பாறிச் செல்ல முடிகிறது. ஆனால், வீட்டையே இழுத்துக்கொண்டு மலை ஏறுவதும் இறங்குவதும் எளிதான செயலன்று. மலைச்சாலை தனக்கென்று சில விதிகளைக் கொண்டது. அவ்விதிகளை அறிந்தவருக்கே அது பாதுகாப்பான வழியாகும். அந்த மலையைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் வரலாற்றையும் அறிந்து சென்றால், கண்ணில் படும் பசுமைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பும் புலப்படும்.

கரையோரச் சாலை

கிள்ளான் துறைமுகப் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் கேரவனில் புறப்படுவதாகக் கொள்வோம். விரைவுச்சாலையைத் தவிர்த்து, ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் அவர்கள் வடக்கு நோக்கிச் செல்கிறார்கள். காப்பார், கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒருபுறம் மீனவர் குடியிருப்புகளும் மறுபுறம் செம்பனைத் தோட்டங்களும் தெரிகின்றன. செகிஞ்சானை அடைந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல்வயல்கள் விரிகின்றன. இங்கு நிலம் ஏறத்தாழக் கடல் மட்டத்திலேயே இருக்கிறது. சாலையும் மேடு பள்ளமின்றி நீண்டு கிடக்கிறது.

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் சாய்ந்த கோபுரம் ஒன்று உள்ளது. அது 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதே ஆண்டில்தான், வில்லியம் கேமரன் என்னும் பிரிட்டிஷ் நில அளவையாளர், பேராக், பகாங் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் அளவைப் பணி மேற்கொண்டார். அங்கே சரிவு குறைந்த ஓர் உயர்நிலத்தைக் கண்டதாக அவர் எழுதி வைத்தார். அவருடைய பெயரே பின்னர் அம்மலைக்கு நிலைத்தது. ஆனால், கேமரன் அங்கே கால் வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அக்காடுகளில் செமாய் இனத்தைச் சேர்ந்த பூர்வக்குடி மக்கள் வாழ்ந்து வந்தனர். இன்றும் மலைச்சாலையின் ஓரங்களில் அவர்கள் பெத்தாய், தேன், மூங்கில் பொருள்கள் முதலியவற்றை விற்பதைக் காணலாம்.

தெலுக் இந்தானிலிருந்து பீடோர் வழியாகத் தாப்பாவை அடைந்தால் சமவெளிப் பயணம் முடிவுறும். அங்கிருந்து மலைச்சாலை தொடங்குகிறது.

சாலை ஏன் வளைகிறது?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் சாலையில் வளைவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அதில் முதன்முறை செல்வோர், “சாலையை நேராகவே போட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்பது இயல்பு. அதற்கான விடை எளிய கணக்கில் அடங்கியுள்ளது.

கேமரன் மலையின் தலைப்பட்டணமான தானா ராத்தா, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. தாப்பாவிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அப்படியென்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வண்டி சராசரியாக 23 மீட்டர் உயரம் ஏறுகிறது. இது வண்டியின் விசைப்பொறியால் தாங்கக்கூடிய சரிவு. அதே உயரத்தை நேர்வழியில் ஏற முயன்றால் தூரம் குறையும். ஆனால் சரிவு செங்குத்தாகிவிடும். சுமை ஏற்றிய வண்டியால் அதில் ஏறவும் முடியாது. பாதுகாப்பாக இறங்கவும் முடியாது. படியில் ஏற முடியாத முதியவருக்காகச் சாய்தளம் அமைப்பதைப்போல, மலையைச் சுற்றிச்சுற்றிச் சாலை அமைக்கிறார்கள். வளைவுகளால் தூரம் கூடுகிறது, சரிவு குறைகிறது.

இந்தச் சாலைப் பணி 1926ஆம் ஆண்டில் தொடங்கியது. அடர்ந்த காடு, செங்குத்தான சரிவு, இடைவிடாத மழை ஆகியவற்றுக்கு நடுவே தொழிலாளர்கள் பாறையை உடைத்தும் மண்ணை வெட்டியும் வழி செய்தனர். பலர் மலேரியாக் காய்ச்சலால் துன்புற்றனர். 1930களின் தொடக்கத்தில் சாலை நிறைவுற்ற பிறகுதான், கேமரன் மலை வெளியுலகோடு இணைந்தது.

உயரத்தில் நிகழும் மாற்றங்கள்

வண்டி ஏற ஏற, உள்ளே இருப்போர் சில மாற்றங்களை உணர்வார்கள். முதலில் காது அடைக்கும்.

“பாட்டி, காது என்னமோ அடைக்குது” என்பான் பேரன்.

“எச்சிலை முழுங்குடா கண்ணு, சரியாப் போயிடும்” என்பார் பாட்டி.

பாட்டி சொல்லும் இந்த வழி அறிவியலுக்குப் பொருந்தியதே. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. தானா ராத்தாவில் காற்றழுத்தம், கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 85 விழுக்காடுதான். செவிப்பறைக்கு உட்புறம் அடைபட்டிருக்கும் காற்று, வெளியே அழுத்தம் குறைந்ததும் செவிப்பறையை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. எச்சிலை விழுங்கும்போது நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து, இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. கேரவனில் இருக்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் பந்துபோல் உப்புவதும் இதே காரணத்தால்தான்.

அடுத்து, காற்று குளிரத் தொடங்கும். பொதுவாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. சமவெளியில் சராசரி வெப்பநிலை 27 பாகை என்றால், 1,400 மீட்டர் உயரத்தில் அது 18 பாகையாக இருக்கும். கணக்கு சொல்வதும் அங்கே நிலவுவதும் ஒத்திருக்கின்றன.

மூன்றாவது மாற்றத்தைக் கேரவன் அடுப்பில் காணலாம். காற்றழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும். கடற்கரையில் நூறு பாகையில் கொதிக்கும் நீர், தானா ராத்தாவில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. எனவே, மலைமேல் சோறு வேகவும் பருப்பு வேகவும் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது.

வளைவுகளில் சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. உடல் அசைவதை உட்செவி உணர்கிறது. ஆனால், கைப்பேசியையோ நூலையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்கு அந்த அசைவு தெரிவதில்லை. இரண்டு செய்திகளும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. கைப்பேசியை வைத்துவிட்டு, முன்னால் தெரியும் சாலையைத் தொலைநோக்கில் பார்த்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

காட்டைத் தோட்டமாக்கிய கைகள்

ரிங்லெட் நகரைக் கடந்ததும் மலைச்சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் செடிகள் தோன்றும். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் இங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்றிருந்த ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1933ஆம் ஆண்டில், வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் பாரத் நிறுவனத்தைத் தொடங்கித் தேயிலைத் தொழிலில் ஈடுபட்டனர். ‘கேமரன் பள்ளத்தாக்கு’ என்னும் பெயரால் இன்று அறியப்படும் தேயிலை அவர்களுடையதே.

நிறுவியவர்களின் பெயர்கள் நூல்களில் பதிவாகியுள்ளன. காட்டை வெட்டிச் சரிவுகளைத் திருத்திக் கன்றுகளை நட்டவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுள் தமிழர்கள் மிகப் பலர். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து கங்காணிகள் திரட்டி அனுப்பிய அவர்கள், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். பினாங்குத் துறைமுகத்திலோ, அக்காலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கினர். நோய்த் தடுப்பு முகாம்களில் சில நாள்கள் தங்கிய பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் இம்மலைக்கு வந்தனர். 1938ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை இந்த வரத்து நீடித்தது.

கடற்கரையிலிருந்து மலைக்குச் செல்லும் இன்றைய குடும்பப் பயணம், அன்று அவர்கள் வந்த திசையிலேயே அமைந்திருக்கிறது. நாம் போர்வையும் குளிர்சட்டையும் எடுத்துச் செல்கிறோம். வெப்பமான சமவெளிக் கிராமங்களிலிருந்து வந்த அவர்களுக்கோ, மலைக்குளிர் புதிதாக இருந்தது. அதிகாலைப் பனியிலும் மழையிலும் ஈரம் சொட்டும் செடிகளுக்கிடையே நின்று அவர்கள் கொழுந்து பறித்தனர். லயங்களில் குடியிருந்தனர். கோயில் எழுப்பினர். பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினர். பிரிஞ்சாங்கில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி சுவாமி கோயிலும், இம்மலைப்பகுதியில் இன்றும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகளும் அவர்களுடைய வாழ்வின் சான்றுகளாக நிற்கின்றன.

காலப்போக்கில், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கல்வி கற்று வேறு தொழில்களுக்குச் சென்றனர். இன்று தோட்டங்களில் வேலை செய்வோரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் முன்னோர் அன்று ஊரையும் உறவையும் பிரிந்து வந்ததைப்போலவே இன்று இவர்கள் வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் இவர்களைக் காணும்போது, வேடிக்கைப் பொருளாகப் பார்த்துக் கேட்காமலே படம் பிடிப்பது பண்பாகாது. ஒரு வணக்கமும் புன்னகையும் போதும்.

கொழுந்து தேயிலையாவது எப்படி?

தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். எட்டிப் பறிப்பதற்கு ஏற்ப இடுப்பளவு உயரத்தில் நிறுத்துவதற்காகவே அதைக் கவாத்து செய்கிறார்கள். கவாத்து செய்வதால் புதிய தளிர்களும் மிகுதியாகத் துளிர்க்கின்றன. தேயிலைக்குக் குளிர்ந்த காற்றும் நிறைந்த மழையும் தேவை. ஆனால், வேரடியில் நீர் தேங்கக்கூடாது. அமிலத்தன்மையுள்ள மண்ணே அதற்கு ஏற்றது. இவை அனைத்தும் மலைச்சரிவில் ஒருங்கே கிடைக்கின்றன. குளிரில் தளிர் மெதுவாக வளர்வதால் அதன் சுவையும் மணமும் கூடுகின்றன.

நல்ல தேயிலைக்கு இரண்டு இளம் இலைகளையும் ஒரு மொட்டையும் சேர்த்துப் பறிப்பது மரபு. முன்பு விரல்களால் கிள்ளிக் கூடையில் போட்டார்கள். இப்போது கத்தரிக்கோல் போன்ற கருவியாலோ, இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் பொறியாலோ பறிக்கிறார்கள். மிகச் செங்குத்தான சரிவுகளில் இன்றும் கைவேலையே கைகொடுக்கிறது.

பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டும். முதலில், காற்றோட்டமான தட்டுகளில் பரப்பி வாட விடுகிறார்கள். இதனால் இலையின் ஈரம் குறைந்து அது துவண்டுவிடும். அடுத்து, உருளைப் பொறியில் இட்டுக் கசக்குகிறார்கள். அப்போது இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிப்படுகிறது. பின்னர் அதைக் காற்றுப்படப் பரப்பி வைப்பார்கள். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பு நிறமாவதைப்போல, சாறு காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து பச்சை இலையைச் செம்பு நிறமாக்குகிறது. கறுப்புத் தேயிலைக்கு உரிய மணமும் நிறமும் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கின்றன. தக்க நேரத்தில் சூடான காற்றைச் செலுத்தி இலையை உலர்த்தினால் மாற்றம் நின்றுவிடும். இறுதியாகச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது. கடையில் நாம் அருந்தும் ஒரு குவளைத் தே தாரேக்கின் பின்னால் இத்தனை படிகளும் இத்தனை கைகளும் உள்ளன.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம்

மலையில் ஏறும்போது வண்டி திணறும். வேகம் தானாகவே குறையும். இறங்கும்போது வண்டி எளிதாக ஓடுவதுபோல் தோன்றும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூன்று டன் எடையுள்ள கேரவன் ஒன்று 1,400 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உயரத்தில் இருந்ததால் அது பெற்றிருந்த ஆற்றல் முழுவதும், இறங்கும் வழியில் எங்காவது செலவாக வேண்டும். அந்த ஆற்றலின் அளவு ஏறத்தாழ 41 மெகாஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். ஓட்டுநர் காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டுமே நம்பினால், இந்த வெப்பத்தின் பெரும்பகுதி சக்கரங்களில் உள்ள பிரேக் தகடுகளில்தான் சேரும். தகடுகள் அளவுக்கு மீறிச் சூடானால் அவற்றின் பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால், மிதி தரைவரை இறங்கும், வண்டியோ நிற்காது.

இதைத் தவிர்க்கும் வழி, வண்டியைக் குறைந்த கியரில் இறக்குவதாகும். குறைந்த கியரில் சக்கரங்களே விசைப்பொறியைச் சுழற்ற வேண்டியிருப்பதால், அது வண்டியைப் பின்னுக்குப் பிடித்து வைக்கிறது. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது அனுபவமுள்ள ஓட்டுநர்களின் விதி. தானியங்கி வண்டிகளிலும் குறைந்த கியரைத் தெரிவுசெய்யும் வசதி உண்டு. பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது உறுதியாக மிதித்து, வேகம் தணிந்ததும் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் தகடுகள் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். எரியும் நாற்றம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

வேகத்தைக் குறைப்பது மற்றொரு காரணத்தாலும் இன்றியமையாதது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். வளைவில் சறுக்கும் வாய்ப்பும் பெருகும். மூடுபனியில் முன்விளக்கைத் தாழ்த்தி எரியவிட வேண்டும். உயர்த்தினால் பனித்துளிகளில் ஒளி பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் ஒற்றை வழிப்பாதைகளில், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது நல்லது.

இவை வெறும் அறிவுரைகள் அல்ல. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்த சுற்றுலாப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். வண்டியில் பயணிப்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஓட்டுநரை அவசரப்படுத்தாதிருத்தல், இருக்கைவார் அணிதல், ஓடும் கேரவனுக்குள் எழுந்து நடமாடாதிருத்தல் ஆகியன பிள்ளைகளும் கடைப்பிடிக்கக்கூடியவை. அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க்குடம் முதலியவற்றைக் கட்டி வைக்காவிட்டால், ஒரு திடீர் நிறுத்தத்தில் அவை நம்மீதே பாயும்.

மண் இருந்தால்தான் மலை

மலைச்சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை செடிகொடிகளின் வேர்கள். காடு மழைத்துளியின் வேகத்தைத் தணித்து, நீரை மெல்ல மண்ணுக்குள் இறக்குகிறது. நெருங்கி வளர்ந்த தேயிலைச் செடிகளும் நிலத்தைப் போர்வையாக மூடி, மண்ணரிப்பை ஓரளவு தடுக்கின்றன. ஆனால், சரிவுகளில் மரங்களை அகற்றி, மண்ணைத் திறந்து போட்டால், ஒவ்வொரு மழையும் அதை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. ரிங்லெட் அருகில் சுல்தான் அபு பக்கார் அணையால் உண்டான ஏரியில் இவ்வாறு வந்த வண்டல் மண்ணும் குப்பையும் சேர்ந்து, நீர் தேங்கும் இடத்தைக் குறைத்து வருகின்றன. 2013ஆம் ஆண்டு அக்டோபரில், கனமழையின்போது அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் பறித்தது.

எனவே, கேரவனில் செல்வோர் அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்க வேண்டும். கழிவுநீரை ஓடையிலோ சாலையோரத்திலோ கொட்டக்கூடாது. குப்பையைப் பையில் கட்டி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில், நடைபாதையைவிட்டு இறங்காமல் செல்ல வேண்டும். அங்குள்ள பஞ்சு போன்ற மண்ணும் பாசியும் உருவாக நெடுங்காலம் ஆயின. ஒரு காலடி அவற்றைச் சிதைத்துவிடும்.

ஒரு பயணத்தின் மதிப்பை அது கடந்த தூரத்தைக்கொண்டு மட்டும் அளக்க முடியாது. கடல் மட்டத்து நெல்வயலிலிருந்து பனி தவழும் தேயிலைச் சரிவுவரை ஒரே நாளில் செல்ல நமக்கு வாய்த்திருக்கிறது. காய்ச்சலோடு பாறை உடைத்தவர்களும், குளிரில் நின்று கொழுந்து பறித்தவர்களும் அந்த வழியை நமக்கு விட்டுச் சென்றுள்ளனர். அவ்வழியில் நிதானமாகச் சென்று, மலைக்கும் மக்களுக்கும் ஊறு செய்யாமல், அனைவரும் நலமாக வீடு திரும்புவதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.